இடது பக்கத்து வயலின்

வாழவந்தி,
12.1.1982

அன்புள்ள அண்ணனுக்கு அமலி எழுதிக்கொள்வது.

மாதாவின் புண்ணியத்தில் இங்கே இருவரும் சுகம். உங்கள் நெஞ்சுச் சளி குறைந்ததா? துபாயிலும் குளிர் உண்டு என்று நீங்கள் சொன்னபோது நான் நம்பவில்லை. இங்கே பனி விலகவே பத்து மணி ஆகிறது. எஸ்டேட்டில் காப்பிப் பழம் எடுப்பு முடிகிற சமயம். கணக்கெழுதும் ரைட்டர் வேலை என்றால் கேட்க வேண்டுமா, உங்கள் மாப்பிள்ளை காலையில் போனால் பொழுது சாய்ந்துதான் வருகிறார்.

நீங்கள் கொடுத்தனுப்பிய ரெக்கார்டு போன வாரம் வந்து சேர்ந்தது. உறையைப் பிரித்தவுடன் தெரிந்துவிட்டது. கோயில் பாட்டுக் குழுவில் நாம் இருவரும் வாசித்தோமே, அதே இரட்டை வயலின் கன்செர்ட்டோ. அவர் வேலைக்குப் போனதும் ஸ்டீரியோ செட்டில் போட்டுக் கேட்டேன். அண்ணா, இத்தனை நாள் நாம் கேட்ட ரெக்கார்டில் வயலின்களெல்லாம் ஈரத் துணிக்குப் பின்னால் நின்று வாசித்தன என்று இப்போதுதான் புரிகிறது. இதில் வில் தந்தியைத் தொடுகிற உரசல்கூடக் கேட்கிறது. மெதுவான பாகத்தில் யாரோ ஒருவர் மூச்சு இழுக்கிறார். பக்கத்து வீட்டுக் கண்ணம்மாள் களத்துக்குப் போகிற வழியில் எட்டிப் பார்த்து, "ஏனுங்க, ரெண்டு பேரு சண்டை போட்டுக்கற மாதிரியும் இருக்குது, கொஞ்சிக்கற மாதிரியும் இருக்குது" என்றாள். அவள் சொன்னது சரிதானே?

இன்னொரு சேதி. கான்வென்ட் மதர் என்னைக் கூப்பிட்டனுப்பினார். ஜூன் மாதம் பள்ளி திறக்கும்போது வயலின் சொல்லிக்கொடுக்க வருகிறாயா என்று கேட்டார். உங்கள் மாப்பிள்ளையிடம் சொன்னேன். பார்க்கலாம் என்றார்.

உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள். வேளைக்குச் சாப்பிடுங்கள்.

உங்கள் அன்புத் தங்கை,
அமலி


துபாய்,
3.2.1982

அன்புள்ள அமலிக்கு,

உன் கடிதம் கண்டு வயிறு நிறைந்தது. சளி போய்விட்டது. உனக்கும் மாப்பிள்ளைக்கும் தேக சுகத்துக்குக் குறைவில்லையே?

ரெக்கார்டைப் பற்றி நீ எழுதியதை எங்கள் ரேடியோ கடையில் எல்லோரிடமும் சொன்னேன். நம் பழைய ரெக்கார்டு நாற்பது பேர் சேர்ந்து ஒரு பெரிய ஹாலில் வாசித்தது. மைக் எங்கோ தூரத்தில் இருந்திருக்கும். எதிரொலி எல்லாவற்றையும் கரைத்துக் குழம்பாக்கிவிட்டது. இந்தப் புதிய ஆட்கள் மொத்தமே பத்துப் பன்னிரண்டு பேர். முந்நூறு வருஷத்துக்கு முன்னால் இருந்த மாதிரியே ஆட்டுக் குடல் நரம்பில் தந்தி கட்டி, சின்ன அறையில், மைக்கைக் கிட்டே வைத்து எடுத்திருக்கிறார்கள். சில பேருக்கு இது பிடிக்கவில்லை. மேல் ஸ்தாயியில் காதைக் குத்துகிறது என்கிறார்கள். குத்தட்டும். மழுங்கிய வயலினைவிட அது மேல்.

இதைக் கேட்கும்போது இரண்டு ஸ்பீக்கருக்கும் நடுவில் சரியாக உட்கார். முதல் வயலின் இடது பக்கம் நிற்கும், இரண்டாம் வயலின் வலது பக்கம். அதாவது நீ இடது, நான் வலது.

கான்வென்ட் வேலையை விடாதே. உன் கை யாருக்கு வரும்? மாப்பிள்ளை "பார்க்கலாம்" என்றால் பாதி சம்மதம் என்று அர்த்தம். மீதிப் பாதிக்கு நானே அவருக்குத் தனியாக ஒரு கடிதம் இதே தபாலில் போடுகிறேன். நீ கவலைப்படாதே.

எப்போதும் உன் நலம் நாடும் அண்ணன்,
இன்னாசி


வாழவந்தி,
28.3.1982

அன்புள்ள அண்ணனுக்கு,

நீங்கள் அங்கே சுகமாக இருக்க வேண்டும் என்று தினமும் ஜெபமாலையில் வேண்டிக்கொள்கிறேன். பதில் எழுதத் தாமதமாகிவிட்டது, கோபித்துக்கொள்ளாதீர்கள். துணி துவைக்கிற கல்லில் பாசி பிடித்திருந்தது. வழுக்கி விழுந்துவிட்டேன். பெரிய அடி ஒன்றும் இல்லை. கண்ணம்மாள்தான் சில நாள் வந்து சமைத்துப் போட்டாள்.

தவக்காலம் என்பதால் அதிகம் ரெக்கார்டு போடவில்லை. மழை ஒன்று பெய்து காப்பிச் செடியெல்லாம் பூத்துக் கிடக்கிறது. வாசலைத் திறந்தாலே மணம்.

கான்வென்ட் வேலை வேண்டாம் என்று மதரிடம் சொல்லிவிட்டேன். வீட்டு வேலையே சரியாக இருக்கிறது.

அண்ணா, செட்டில் ஏதோ கோளாறு. இடது ஸ்பீக்கரில் சத்தம் மங்கலாக வருகிறது. முதல் வயலின் சுவருக்கு அந்தப் பக்கம் வாசிக்கிற மாதிரி இருக்கிறது. அந்த உரசல், அந்த மூச்சு, ஒன்றும் இல்லை. இரண்டு வயலினும் வலது பக்கமாகவே ஒதுங்கி நிற்கின்றன. ஸ்பீக்கருக்குள் ஈரம் இறங்கியிருக்குமா? எப்படிச் சரிசெய்வது என்று எழுதுங்கள்.

அவர் நலமாக இருக்கிறார்.

உங்கள் தங்கை,
அமலி


துபாய்,
15.4.1982

அன்புள்ள அமலிக்கு,

ஈஸ்டர் திருநாள் எப்படிப் போனது? விழுந்த இடத்தில் வலி இருந்தால் எண்ணெய் தேய்த்து வெந்நீர் ஊற்று. இனிமேல் செருப்பில்லாமல் அந்தக் கல் பக்கம் போகாதே.

வேலை விஷயத்தில் எனக்கு வருத்தம்தான். மாப்பிள்ளைக்கு அவ்வளவு விளக்கமாக எழுதினேனே. அவளை அடுப்படியில் உட்காரவைத்து வீணாக்க வேண்டாம், அவள் வாசிப்பதை நீங்கள் ஒருநாள்கூடக் கேட்டதில்லை, கேட்டிருந்தால் தடுக்க மாட்டீர்கள் என்று உரிமையோடு எழுதினேன். அவர் பதில் போடவில்லை. கடைசியில் நீயே வேண்டாம் என்று சொல்லிவிட்டு வந்து நிற்கிறாய். உனக்குச் சோம்பல் என்றுதான் நான் நினைக்க வேண்டியிருக்கிறது.

போகட்டும். செட்டுக்கு வருவோம். ஆம்ப்ளிஃபயரின் பின்பக்கம் இரண்டு ஸ்பீக்கர் வயர்கள் வருகின்றன. கரண்டை அணைத்துவிட்டு, இடது வயரை வலது இடத்திலும் வலது வயரை இடது இடத்திலும் மாற்றிப் போடு. அதே ரெக்கார்டைக் கேள். இப்போது முதல் வயலின் வலது பக்கம் வரும். அது அங்கேயும் மங்கலாகவே இருந்தால் கோளாறு ஊசியில் அல்லது ஆம்ப்ளிஃபயரில். அது தெளிவாகி, இடது பக்கம் வந்த இரண்டாம் வயலின் மங்கினால் ஸ்பீக்கர்தான் போயிருக்கிறது. நிதானமாகச் செய்து பார்த்து எழுது.

அண்ணன்,
இன்னாசி


வாழவந்தி,
20.5.1982

அன்புள்ள அண்ணனுக்கு,

வெயில் காலத்தில் அங்கே வெளியே நடமாட முடியாதாமே. தலையில் துணி போட்டுக்கொண்டு போங்கள். நாங்கள் இருக்கிறோம்.

சேர்வராயன் கோயில் திருவிழா என்று எஸ்டேட்டே காலி. கண்ணம்மாள் வீட்டில் சொந்தக்காரர்கள் வந்து நிறைந்திருக்கிறார்கள். அவரும் மேஸ்திரிகளோடு மலைக்குப் போயிருந்தார். அந்த நேரம் பார்த்து வயரை மாற்றிப் போட்டேன்.

நீங்கள் சொன்ன இரண்டாவது மாதிரிதான். வலது பக்கம் வந்ததும் முதல் வயலின் பளிச்சென்று கேட்டது. எத்தனை மாதம் கழித்துக் கேட்கிறேன், அழுகை வந்துவிட்டது. இடது பக்கம் போன இரண்டாம் வயலின் மங்கிவிட்டது. அப்படியானால் ஸ்பீக்கர்தானே, அண்ணா? ஸ்பீக்கர்தான் என்று உறுதியாக எழுதுங்கள்.

நான் சோம்பேறி என்றே வைத்துக்கொள்ளுங்கள். அவருக்கு இனி நீங்கள் தனியாகக் கடிதம் போட வேண்டாம். வேலை நெருக்கடியில் படிக்க நேரம் இருப்பதில்லை.

திருவிழா முடிந்து அவர் திரும்பிவிட்டார். மீதியைப் பிறகு எழுதுகிறேன்.

அமலி


துபாய்,
10.6.1982

அன்புள்ள அமலிக்கு,

நான் திடமாக இருக்கிறேன். உன் கடிதம் அவசரத்தில் எழுதியது மாதிரி இருந்தது. பரவாயில்லை.

சந்தேகமே வேண்டாம், ஸ்பீக்கர்தான். அதற்குள் மேல் ஸ்தாயிக்கென்று தனியாக ஒரு சின்னக் கூம்பு உண்டு. அது போனால் வயலினின் கூர்மை எல்லாம் போய்விடும், பேஸ் மட்டும் மிஞ்சும். இங்கே எங்கள் கடையிலேயே புதிது எடுத்து, ஓமலூர்க்காரர் ஒருவரிடம் கொடுத்தனுப்புகிறேன். ஏற்காடு ஒண்டிக்கடை முக்கில் ரேடியோ ரிப்பேர் செய்கிற கந்தசாமியைக் கூப்பிட்டு மாட்டச் சொல். அவருக்கு நல்ல கை. மாட்டிய பிறகு இரண்டு ஸ்பீக்கரையும் இடம் மாற்றி வைத்தும் ஒரு தடவை பார்க்கச் சொல்.

மாப்பிள்ளைக்கு என் அன்பைச் சொல். டிசம்பர் லீவில் வரும்போது அவருக்கு நல்ல கடிகாரம் ஒன்று கொண்டுவருகிறேன்.

அண்ணன்,
இன்னாசி


வாழவந்தி,
25.7.1982

அன்புள்ள அண்ணனுக்கு,

உங்கள் உடல்நலம் அறிய ஆவல். எனக்குச் சற்றுக் காய்ச்சல் இருந்தது, இப்போது தேவலை. விடாத மழை. சுவரெல்லாம் ஓதம்.

கந்தசாமி வந்தார். புதிய கூம்பை மாட்டினார். நான் நடுவில் உட்கார்ந்து கேட்டேன். இடது பக்கம் மங்கல்தான். ஸ்பீக்கர்களை இடம் மாற்றி வைத்தார். அப்போதும் இடது பக்கம்தான் மங்கல். பிறகு அவரே ஒவ்வொரு பெட்டியின் அருகிலும் காதை வைத்து ரெக்கார்டை முழுவதும் கேட்டார். ஊசியையும் பார்த்தார். பிறகு என்னவோ கேட்டாராம், நான் கவனிக்கவில்லை. துணைக்கு வந்திருந்த கண்ணம்மாள் தோளைத் தொட்டபிறகுதான் திரும்பினேன்.

"செட்டுல ஒரு கோளாறும் இல்லைங்க" என்றார். கூலி கொடுத்தேன், வாங்கவில்லை. என்னைப் பார்க்காமல், கண்ணம்மாளிடம் ஏதோ சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

அண்ணா, இனி இந்த செட்டைப் பற்றி எழுத வேண்டாம். ரெக்கார்டும் அனுப்ப வேண்டாம். அதனால்தான் வீட்டில் சத்தம் என்று அவர் சொல்கிறார். இருக்கிறதைக் கேட்டுக்கொள்கிறேன்.

அமலி


துபாய்,
14.8.1982

அன்புள்ள அமலிக்கு,

இதைக் கான்வென்ட் முகவரிக்கு அனுப்புகிறேன். ஞாயிற்றுக்கிழமை பூசைக்கு வரும்போது மதர் உன் கையில் கொடுப்பார்.

உன் கடிதம் வந்த அன்றே பதில் எழுத உட்கார்ந்தேன். அறையில்தான் கோளாறு, இடது பக்கச் சுவரின் ஓதம் மேல் ஸ்தாயியை விழுங்குகிறது என்று நினைத்தேன். "நாற்காலியைத் திருப்பிப் போட்டு, செட்டுக்கு முதுகு காட்டி உட்கார்ந்து கேள். அப்போது எந்த ஸ்பீக்கர் மங்கல் என்று எழுது" என்று எழுதினேன். எழுதிவிட்டு அந்த வரியையே பார்த்துக்கொண்டிருந்தேன். வயரை மாற்றியாயிற்று, ஸ்பீக்கரை மாற்றியாயிற்று. எதை மாற்றினாலும் உன் இடது பக்கம்தான் மங்கல். மாறாமல் இருந்தது நீ ஒருத்தி மட்டும்தான்.

நாற்காலியைத் திருப்ப வேண்டாம், அமலி. எனக்குத் தெரிந்துவிட்டது.

கல்லில் வழுக்கி விழுகிறவளுக்குக் காது போகாது. எதிரே நிற்கிற ஆள் வலது கையை வீசினால் அது இடது காதில்தான் விழும். நான் மாப்பிள்ளைக்கு எழுதிய கடிதம் பிப்ரவரிக் கடைசியில் கிடைத்திருக்கும். நீ விழுந்ததாக எழுதியது மார்ச்சில்.

 நிதானமாக யோசித்துத்தான் மீதியை எழுதுகிறேன். டிசம்பரில்தான் எனக்கு லீவு. இடையில் வந்தால் வேலை போய்விடும். டிசம்பரில் வந்து, சேலத்துப் பெரியப்பாவையும் கூட்டிக்கொண்டு, மாப்பிள்ளையை நேரில் உட்காரவைத்துப் பேசி ஒரு வழி செய்கிறேன். அதுவரை கொஞ்சம் பொறுத்துக்கொள். அவர் மனம் கோணாமல் நடந்துகொள். வீட்டைவிட்டு வெளியேறுகிற யோசனை மட்டும் வேண்டாம். கோயிலில் கட்டிய தாலி, நாலு பேர் நாலு விதமாகப் பேசுவார்கள். இதற்குள் நல்ல டாக்டரிடம் காதைக் காட்டு.

உனக்காக ஜெபித்துக்கொண்டிருக்கும் அண்ணன்,
இன்னாசி


வாழவந்தி,
9.9.1982

மதிப்புக்குரிய மச்சான் அவர்களுக்கு தனிஸ்லாஸ் எழுதுவது.

ஆண்டவர் கிருபையால் தாங்கள் நல்ல சுகத்துடன் இருப்பீர்கள் என நம்புகிறேன். நான் நலம்.

தங்கள் தங்கை போன மாதக் கடைசி ஞாயிறு பூசைக்குப் போனவள் வீடு திரும்பவில்லை. கான்வென்டில் இருக்கிறாள். நான் போய்க் கூப்பிட்டதற்கு மதர் கதவைத் திறக்கவில்லை. எஸ்டேட்டில் கூலிக்காரன் வரைக்கும் தெரிந்துபோய், எனக்குத் தலை காட்ட முடியவில்லை.

நான் அவளை ஒரு குறையும் வைக்காமல்தான் வைத்திருந்தேன். குடும்பம் என்றால் ஒரு சொல், ஒரு கை கூடக்குறைய இருக்கும். அதை இவ்வளவு பெரிதாக்க வேண்டியதில்லை. தாங்கள் அனுப்பிய ரெக்கார்டுகள்தான் அவள் புத்தியைக் கெடுத்தன. அவற்றை உரக்குழியில் போட்டுவிட்டேன். செட்டையும் கொடுத்துவிட்டேன்.

எனக்கு அவள்மேல் கோபம் இல்லை. தாங்கள் புத்தி சொல்லி அனுப்பிவைத்தால் ஏற்றுக்கொள்ளச் சித்தமாக இருக்கிறேன். பெரியப்பாவும் இதையேதான் சொல்கிறார்.

தங்கள் பணிவுள்ள,
தனிஸ்லாஸ்


ஏற்காடு,
3.10.1982

அண்ணனுக்கு,

இரண்டு கடிதங்களும் கிடைத்தன. ஆகஸ்டில் எழுதியதும், அவர் உங்களுக்கு எழுதியதை அப்படியே உள்ளே வைத்து, "நீயே முடிவு செய்" என்று ஒரு வரி மட்டும் எழுதி அனுப்பியதும். நான் முடிவு செய்துவிட்டுத்தான் வந்தேன்.

நடந்ததை நீங்கள் ஊகித்துக்கொண்டீர்கள். ஆனாலும் நான் சொல்ல வேண்டும். பிப்ரவரியில் உங்கள் கடிதத்தை அவர் நின்றுகொண்டே படித்தார். மடித்துப் பையில் வைத்தார். சாப்பிட்டார். கை கழுவினார். "உன் அண்ணன் எனக்குப் பாடம் நடத்தறானா?" என்று கேட்டுவிட்டு அடித்தார். அதற்கு முன்பும் அடித்திருக்கிறார், காதில் பட்டது அன்றைக்குத்தான். பல நாள் அதில் நீர் வடிந்தது. வடிவது நின்றதும் சரியாகிவிட்டது என்று ரெக்கார்டைப் போட்டேன். வயலின் மங்கலாகக் கேட்டது. செட்டின் கோளாறாக இருக்க வேண்டும் என்று நான்தான் பிடிவாதமாக நினைத்தேன். நீங்கள் ஒவ்வொரு வழியாக எழுத எழுத, ஸ்பீக்கர் என்றே நிச்சயமாகிவிடும் என்று காத்திருந்தேன். கந்தசாமி போனபிறகு நினைக்க வேறொன்றும் மீதியில்லை.

உங்கள் ஆகஸ்டு கடிதத்தைக் கோயில் பெஞ்சில் உட்கார்ந்து படித்தேன். உங்களுக்குத் தெரிந்துவிட்டது என்ற இடத்தில் எனக்கு உயிர் வந்தது. டிசம்பர் வரைக்கும் பொறுத்துக்கொள் என்ற இடத்தைத் திரும்பத் திரும்பப் படித்தேன். இன்னொரு காது மீதி இருக்கிறது என்று நினைத்து எழுதினீர்களா, அண்ணா? செட்டுக்கு ஒரு கோளாறு என்றால் மறு தபாலிலேயே வழி எழுதினீர்கள். அன்றைக்கு நான் வீட்டுக்குப் போகவில்லை. மதரிடம் போய் நின்றேன். பூசைக்கு உடுத்திப் போன சேலையோடுதான் வந்தேன்.

மதர் ஒரு சிஸ்டரைத் துணைக்கு அனுப்பி, சேலத்தில் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போகச் செய்தார். டாக்டர் விளக்கடித்துப் பார்த்தார். ஜவ்வு கிழிந்து, சீழ் உள்ளே வரைக்கும் தின்றுவிட்டதாம். முதல் வாரமே வந்திருந்தால் ஏதாவது செய்திருக்கலாம் என்றார். இனி அந்தக் காது வராது.

"எங்கேயாவது விழுந்தீங்களாம்மா?" என்று கேட்டுக்கொண்டே சீட்டில் எழுதப் போனார்.

"இல்லைங்க. என் வீட்டுக்காரர் அடிச்சாருங்க" என்றேன்.

என் குரல் எவ்வளவு சத்தமாக வருகிறது என்று எனக்கு இப்போது தெரிவதில்லை. வராந்தாவில் உட்கார்ந்திருந்தவர்களெல்லாம் திரும்பிப் பார்த்தார்கள். சிஸ்டர் என் கையைப் பிடித்தார். டாக்டர் மறுபடி என்னைப் பார்த்துவிட்டு, நான் சொன்னபடியே எழுதினார்.

கண்ணம்மாள் ஒருநாள் விறகுக் கட்டுக்குள் என் வயலினை வைத்துக் கட்டித் தலைச்சுமையாகத் தூக்கிக்கொண்டு வந்து கொடுத்தாள். அவர் பார்த்திருந்தால் அவள் புருஷனுக்கு எஸ்டேட்டில் வேலை போயிருக்கும். அதை வாங்கி நெஞ்சோடு வைத்துக்கொண்டு அழுதேன். "அழுவாத கண்ணு, இங்கயே இரு" என்று சொல்லிவிட்டு இறங்கிப் போனாள்.

வயலின் இடது தோளில் இருக்கிறது. அதன் சத்தம் எனக்குச் சுற்றி வளைத்துக்கொண்டு வலது பக்கமாக வருகிறது. வேறு யாரோ பக்கத்து அறையில் வாசிக்கிறார்கள் என்று தோன்றுகிறது. சுருதி சேர்க்க முடிகிறது. பெரிய பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்க என்னால் ஆகாது என்று மதரிடம் உள்ளதைச் சொன்னேன். சின்ன வகுப்புகளைக் கொடுத்திருக்கிறார். போர்டிங்கில் படுத்துக்கொள்கிறேன். பிள்ளைகள் எல்லோரும் சேர்ந்து வாசிக்கும்போது யார் தப்பு என்று எனக்குப் பிரித்துத் தெரியவில்லை. ஒவ்வொருத்தியாக நிறுத்திக் கேட்கிறேன். எத்தனை நாள் இப்படி ஓடும் என்று தெரியாது.

பெரியப்பா போன வாரம் வந்தார். பார்க்க மாட்டேன் என்று சொல்லியனுப்பிவிட்டேன்.

டிசம்பரில் நீங்கள் வாருங்கள். எனக்கு உங்களைப் பார்க்க வேண்டும். அவரோடு உட்கார்ந்து பேசுவதற்கென்று வருவதானால், எனக்காக அந்தப் பயணம் வேண்டாம். கடிகாரமும் வேண்டாம்.

சுகமாக இருங்கள். வந்தால் என் வலது பக்கமாக வந்து நின்று கூப்பிடுங்கள்.

அமலி